இடப்பக்க வென்டில் மட்டும் சூடு

போன வாரம் எங்கள் கார் ஏசி மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். வலது பக்க வென்டில் ஜில்லென்று காற்று வருகிறது, இடது பக்க வென்டில் மட்டும் சூடு, கேஸ் அளவு சரி, ஸ்கேனரில் ஒரு பிழைக் குறியீடும் காட்டவில்லை, என்ன செய்வது? வென்ட் என்றால் வேறொன்றுமில்லை, டேஷ்போர்டில் காற்று வரும் வாய். அரை மணி நேரத்தில் பதினோரு பேர் பதில் போட்டுவிட்டார்கள். அதில் எட்டுப் பேர் சொன்னது, "கேஸை எடுத்துட்டு மறுபடி அடிங்க." எங்கள் தொழிலில் கேஸ் அடிப்பது என்பது சில டாக்டர்கள் ஊசி போடுவது மாதிரி. தலைவலியோ வயிற்றுவலியோ, ஊசி ஒன்றுதான்.

நானும் ஒரு பதில் போட்டேன். "அந்த இடது சீட்டில் உட்கார்றது யாரு?" சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன. "அண்ணன் ரிட்டையர் ஆனதும் ஜோசியம் பாக்க ஆரம்பிச்சுட்டாரு" என்று ஒருவர். எனக்குக் கோபம் வந்தது நிஜம். இரண்டு டம்ளர் காபி குடித்ததும் கோபம் தணிந்தது. அந்தக் கேள்வியை நான் எப்படிக் கற்றேன் என்பதை எழுதிப் போட்டுவிட்டால் என்ன என்று உட்கார்ந்தேன். பெருமைக்காக எழுதவில்லை. இதில் பெருமைப்பட எனக்கு அதிகம் ஒன்றுமில்லை.

என் பெயர் தயாளன். ஊர் சித்தூர். தொழில் பழகியது திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில். அங்கே இருந்த நாலு வருஷத்தில் மூன்று வருஷம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஒரு நாள் மட்டும் மறக்கவில்லை. மலைக்குப் போய்வரும் டாக்சி ஒன்று, வென்டில் காற்றே வரவில்லை என்று வந்தது. குளிர்ச் சுருளைக் கழற்றி வெளியே எடுத்தோம். சுருளே தெரியாதபடி சந்தனம் அப்பியிருந்தது. நடுநடுவே பொடிப்பொடியாக முடி. மொட்டை போட்டுக்கொண்டு, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு வண்டியில் ஏறுகிறவர்கள் இறங்குவதற்குள் அது காய்ந்து உதிர்கிறது. வண்டிக்குள்ளிருக்கும் காற்றையே ஏசி திரும்பத் திரும்ப இழுப்பதால் பொடி அத்தனையும் சுருளுக்குப் போய்ச் சேர்கிறது. அன்றைக்குக் கொட்டகை முழுக்கக் கோயில் வாசனை. எனக்கு அந்த வயதில் அது பெரிய அதிசயமாக இருந்தது. அதற்குப் பிறகு எந்த வண்டியைப் பார்த்தாலும், உள்ளே என்ன இருக்கிறதோ என்று கை துறுதுறுக்கும். பல்லி முட்டை, லட்டுக் கவர், ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒற்றைக் கொலுசு என்று எல்லாம் பார்த்திருக்கிறேன்.

பிறகு சித்தூருக்கே வந்துவிட்டேன். பைபாஸ் ஓரத்தில், எல்லாக் கம்பெனி வண்டியையும் பார்க்கிற ஒர்க்‌ஷாப். ஏசி என்றால் தயாளன் என்று பெயர் எடுத்தேன். பெயர் எடுத்தவனுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிடும் என்பது அப்போது தெரியவில்லை.

அங்கே மேனேஜராக வந்தவர் ஹேமலதா மேடம். தெலுங்குக்காரர், திருப்பதியில் டிப்ளமா படித்தவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஒரு பெண்பிள்ளை வந்து எனக்கு வேலை சொல்வதா என்று முதல் ஆறு மாதம் நான் முறைத்துக்கொண்டே திரிந்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை. குரலை உயர்த்த மாட்டார், வண்டியைத் தொட மாட்டார். காலையில் நின்றபடியே எல்லா ஜாப் கார்டையும் படிப்பார். வண்டி உள்ளே வந்ததும் அதன் குறையை எழுதி வைக்கிற அட்டைதான் ஜாப் கார்டு. அதில் முதல் கட்டம், வாடிக்கையாளர் சொன்னது. நாங்கள் அதில் "கூலிங் கம்மி", "பிக்கப் இல்லை" என்று சுருக்கமாக எழுதுவோம். மேடம் பென்சிலால் அதன் கீழே ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

"இதி மீ மாட்ட, தயாளன்காரு. வாள்ள மாட்ட ஏதி?" என்பார். இது உங்கள் பேச்சு, அவர்கள் பேச்சு எங்கே என்று அர்த்தம்.

வந்தவர் எந்தப் பாஷையில், எந்த வார்த்தையில் சொன்னாரோ அப்படியே எழுத வேண்டும். "வண்டி இருமுது", "பிரேக் அடிச்சா கோழி கத்துற மாதிரி கத்துது" என்றெல்லாம் கார்டில் இருக்கும். நாங்கள் பின்னால் போய்ச் சிரிப்போம். மேடத்துக்கு "மாட்ட மேடம்" என்று பெயர் வைத்தவனே நான்தான். கார்டில் மறுபடி எழுதித் தருவேன், ஆனால் மனசார எழுதியதில்லை. ஏசி என்று வந்தால் எனக்குத் தெரியாததை ஒரு டிரைவர் சொல்லிவிடப் போகிறாரா என்ற திமிர்.

ஒரு மாசி மாதம் ஏழுமலை வந்தார். பங்காருபாளையத்தில் மாம்பழ மண்டியில் எடை போடுகிறவர். தமிழ்க் குடும்பம். கைமாறி வந்த பழைய செடான் ஒன்று வைத்திருந்தார். அவர் வசதிக்கு அது பெரிய வண்டி. நல்ல ஏசி, தானாகவே குளிரைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை.

"போகப் போக ஏசி வுட்டுடுதுண்ணா" என்றார்.

"உங்களுக்குக் குளிர் வருதா இல்லையா?"

"எனக்கு வருது. ஆனா பாப்பாவுக்குப் பத்தலீங்கறா."

நான் கார்டில் எழுதியது: கூலிங் கம்மி. மேடம் அன்றைக்கு லீவு. கோடு போட ஆளில்லை.

இடது பக்க முன்சீட்டில் பதினாறு பதினேழு வயசுப் பெண் ஒருத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். தலையில் தொப்பி. எங்கள் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் என்றால் ஆம்பளைகள் பானெட்டைச் சுற்றி நின்று பேசுவார்கள், பொம்பளைகள் உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். யாரும் சொல்லி வைத்த சட்டமில்லை, அப்படியே நடக்கிறது. நான் அவள் பக்கம் குனிந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் வேலையைக் குறை சொல்ல முடியாது. ஏசியைக் கடைசி வரை குளிரில் வைத்தேன். நடு வென்டில் தெர்மாமீட்டரைச் செருகினேன். பத்து நிமிஷத்தில் ஏழு டிகிரி காட்டியது. பிரஷர் பார்த்தேன், கேஸ் கொஞ்சம் குறைவு, நிரப்பினேன். ஃபில்டர் அழுக்காக இருந்தது, மாற்றினேன். மறுபடி ஆறு டிகிரி. ஏழுமலை வென்டில் கையை வைத்துப் பார்த்து, "சில்லுன்னு கீதுண்ணா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நான் அடுத்த வண்டிக்குப் போய்விட்டேன்.

நாலாம் நாள் அவர் மட்டும் வந்தார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவர் ஓரமாக வந்து நின்றார்.

"அண்ணா, திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டுத் திரும்பி வந்துக்கினு இருந்தோம். புத்தலப்பட்டுக்கு முன்னாடியே பாப்பாவுக்கு ஒடம்பு கொதிக்க ஆரம்பிச்சிடுச்சு. கூப்புட்டா பேச்சில்ல. ஒரு மாந்தோப்புல மோட்டார் ஓடிக்கினு இருந்திச்சு, அந்தத் தண்ணில படுக்க வச்சேன். இப்ப பரவால்ல."

பிறகுதான் முழுசாகச் சொன்னார். அவர் மகள் பவித்ராவுக்குப் பிறவியிலிருந்தே உடம்பில் வேர்வை வராது. வேர்வைச் சுரப்பியே இல்லை. நமக்கு வெயில் அடித்தால் வேர்த்துக் கொட்டி உடம்பு தானே ஆறிக்கொள்ளும். அவளுக்கு ஏறிய சூடு ஏறியதுதான். முடியும் பல்லும்கூட அதனால் சரியாக வளரவில்லை. வாடகைக் காரில் இரண்டு முறை போனார்களாம். மேடு ஏறும்போது டீசல் மிச்சம் பிடிக்க டிரைவர் ஏசியை அணைத்தான், இவர்கள் கெஞ்சினார்கள், அவன் கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் மாமியார் கொடுத்த நிலத்தை விற்று இந்த வண்டியை வாங்கியிருக்கிறார். ஏசிக்காகவே வாங்கிய வண்டி.

"மே மாசம் இன்ஜினீயரிங் என்ட்ரன்ஸ், திருப்பதில சென்டர். காலைல எழுதிட்டு மத்தியானம் ஒரு மணிக்கு வெளிய வரணும். அந்த வெயில்ல எப்படிண்ணா கூட்டியாறது? பரீட்சையே வேணாம்னுட்டேன். அவ ரெண்டு நாளா சோறு துன்னல."

வண்டி நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்திருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. இப்போதும் அதற்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

மேடம் கார்டைக் கையில் வாங்கினார். கோடு போடவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"டிரைவர் சொன்னது இருக்குது. எடம சீட்லோ எவரு கூர்ச்சுன்னாரு?" இடது சீட்டில் உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்டார்.

"அந்தப் பொண்ணு மேடம்."

"ஆ அம்மாயினி அடிகாரா?"

அந்தப் பெண்ணைக் கேட்டீர்களா என்றார். இல்லை என்றேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்த கதைதான். குறை தெரிந்தவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் பானெட்டுக்கு அடியில் தேடியிருக்கிறேன். மேடம் புதுக் கார்டு ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். முதல் கட்டம் காலி.

அன்று சாயங்காலமே பஸ் ஏறிப் பங்காருபாளையம் போனேன். ஈரத் துணி கட்டிய ஜன்னலும் ஏர் கூலரும் உள்ள அறையில் பவித்ரா உட்கார்ந்திருந்தாள். போட்டிருந்த சட்டை நனைந்திருந்தது, வேண்டுமென்றே நனைத்துப் போட்டது. சுற்றிலும் பிசிக்ஸ் புத்தகம். நான் கேட்டதும் போனை எடுத்தாள். ஒவ்வொரு முறை போய்வந்ததையும் குறித்து வைத்திருந்தாள். கிளம்பிய நேரம், சூடு வந்த இடம், எவ்வளவு சூடு என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு நம்பர்.

"போகும்போது வராது மாமா. திரும்பி வரும்போதுதான். அதுவும் வண்டி நல்லா குளிர்ந்த பின்னாடி. புத்தலப்பட்டுக்கு முன்னாடி எறக்கத்துல வலது பக்கமா ஒரு வளைவு வருதில்ல, அங்கதான் ஆரம்பிக்கும். நாலு தடவையும் அங்கதான்."

"எந்த வென்ட்டும்மா?"

"எம் பக்கம் ரெண்டும். நைனா பக்கம் சில்லுன்னுதான் இருக்கும். சூடு வர்றதுக்கு முன்னாடி டேஷ்போர்டு உள்ள சின்னதா உருள்ற சத்தம், அப்பறம் டொக்குனு ஒண்ணு."

முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக ஒரு குறையை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஏனம்மா இதை முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"யாரும் கேக்கல. நைனாகிட்ட சொன்னா ஓட்டும்போதே என்னைத் திரும்பித் திரும்பிப் பாப்பாரு. எனக்கு அதான் பயம்."

ஒரு எழுத்து விடாமல் கார்டில் எழுதிக்கொண்டேன். கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

மறுநாள் மத்தியானம் ஏழுமலையும் நானும் மட்டும் கிளம்பினோம். நான் இடது சீட்டில். நாலு வென்டிலும் நாலு தெர்மாமீட்டர். திருப்பதிச் சாலையில் வெகு தூரம் போய்த் திரும்பினோம். அந்த இறக்கம் வந்தது, வளைவு வந்தது, புத்தலப்பட்டும் வந்துவிட்டது. நாலும் ஏழு எட்டு டிகிரிதான். ஏழுமலை என் முகத்தைப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. பெண் பொய் சொல்லியிருக்க மாட்டாள், வண்டியும் பொய் சொல்லாது, அப்படியென்றால் நடுவில் பொய் சொல்வது நான்தான். எதைச் செய்தேன், எதைச் செய்யவில்லை என்று யோசித்துக்கொண்டே ஏசி குமிழைப் பார்த்தேன். வழக்கம்போலக் கடைசி வரை குளிரில் திருப்பி வைத்திருந்தேன். மெக்கானிக் கை ஏசியில் பட்டால் முதலில் அதைத்தான் செய்யும்.

"நீங்க எதுல வச்சு ஓட்டுவீங்க ஏழுமலை?"

"இருவத்திரெண்டு. டாக்டர் சொன்னது. வாங்குன அன்னிக்கு பழைய வண்டி ஷோரூம்காரரே வச்சுக் குடுத்தாரு. அதுல யாரும் கை வைக்கக்கூடாதுன்னு வச்சிருக்கேன். அன்னிக்கு கேஸ் அடிச்சப்ப கூட நீங்களே திரும்பி அதுல வச்சுத்தான் குடுத்தீங்க."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டேஷ்போர்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. அதில் குளிர்ச் சுருள் ஒன்று, சூட்டுச் சுருள் ஒன்று. சித்தூர் வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று கேட்காத ஆளில்லை, ஆனால் எல்லா வண்டியிலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கதவு. கடைசிக் குளிரில் வைத்தால் சூட்டுப் பக்கம் அடைத்தே இருக்கும். இருபத்திரண்டில் வைத்தால், வண்டி நன்றாகக் குளிர்ந்ததும் அந்தக் கதவு தானாக விரல் அளவு திறந்து கொஞ்சம் சூட்டைக் கலக்கும். பச்சைத் தண்ணீரில் வெந்நீர் விளாவிக் குளிப்பது மாதிரி. மறுபடி வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். அப்படியானால் கதவு திறக்கிற நேரம் பார்த்து ஏதோ ஒன்று அதன் வழியில் உருண்டு வருகிறது. நான் குமிழைக் கடைசியில் வைத்துக் கதவைத் திறக்கவே விடாமல், குறை இல்லை, குறை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் போனோம். குமிழ் இருபத்திரண்டில். திரும்பி வருகையில் இறக்கம் ஆரம்பித்ததும் ரேடியோவை அணைக்கச் சொல்லி, காதை டேஷ்போர்டின் மேல் வைத்தேன். வலது வளைவு. உள்ளே கொரகொரவென்று ஒரு சின்னச் சத்தம், இடது பக்கமாக ஓடியது. டொக். இரண்டு நிமிஷத்தில் என் பக்க வென்ட் ஒன்பதிலிருந்து பதினெட்டு, இருபத்தைந்து, முப்பத்து மூன்று. ஏழுமலை பக்கம் ஒன்பதிலேயே நின்றது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு அப்போது சந்தோஷம் தாங்கவில்லை. "கெடச்சிடுச்சு!" என்று சீட்டில் தட்டினேன். திரும்பிப் பார்த்தால் ஏழுமலை வண்டியை ஓரம் கட்டிவிட்டு, தன் பக்கத்துக் குளிர்க் காற்றில் ஒரு கையும் என் பக்கத்துச் சூட்டில் ஒரு கையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. இத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார்.

டேஷ்போர்டைக் கழற்றுவது லேசான வேலையில்லை. ஸ்டியரிங்கிலிருந்து ஒயர் வரை எல்லாம் பிரிக்க வேண்டும். மாதக் கடைசி, வெளியே பதினைந்து வண்டி நிற்கிறது. மேடம் ஒரு இடத்தை இரண்டு நாளைக்கு எனக்கே ஒதுக்கினார். முதலாளி போனில் ஏதோ கேட்க, "சார், கார்டு சதிவி மாட்லாடண்டி" என்று அவர் பதில் சொன்னது எனக்குக் கேட்டது. கார்டைப் படித்துவிட்டுப் பேசுங்கள் என்கிறார். அன்றைக்குத்தான் அவரை மாட்ட மேடம் என்று கூப்பிடுவதை நிறுத்தினேன்.

இரண்டாம் நாள் பெட்டியைத் திறந்தபோது ஏழுமலையும் நின்றிருந்தார். உள்ளே தூசி, மாவிலைச் சருகு, வண்டிப் பூஜையில் போட்ட மஞ்சள் அரிசி. எல்லாம் முன் கண்ணாடிக்குக் கீழே காற்று வருகிற நீள ஓட்டை வழியாக விழுந்தவை. கதவின் இடது மூலையில், பிளாஸ்டிக்கில் பள்ளமாகத் தேய்ந்த ஒரு தடம். அடியில் கண்ணாடி மாதிரி உருண்டையாக ஒரு மணி. ஸ்படிகம். டார்ச் அடித்ததும் மின்னியது. கதவு திறந்த நேரம் மணி உருண்டு வந்து மூலையில் சிக்கினால், கதவு வலது பக்கம் மூடிக்கொள்ளும், இடது பக்கம் மட்டும் மணி அளவுக்குத் திறந்தே நிற்கும். மேட்டில் ஏறும்போதோ, வண்டியை அணைத்து மறுபடி கிளப்பும்போதோ மணி நழுவிப் பின்னால் போய்விடும். ஒர்க்‌ஷாப் வரும்போது வண்டி சாதுவாக நிற்கும். ஸ்கேனருக்கு எங்கே தெரியும்?

எனக்கு அந்தச் சின்ன மணியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. ஏழுமலைக்கு அப்படியில்லை. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அது எம் மாலைண்ணா. அவளுக்கு ஒடம்பு நல்லாருக்கணும்னு வேண்டிக்கினு, திருப்பதில வாங்கி முன்னாடி நடுக் கண்ணாடில மாட்டுனேன். ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல அறுந்துடுச்சு. பொறுக்கிக் கோத்தேன். ஒண்ணு கொறைஞ்சிச்சு. போனா போவுதுன்னு வுட்டுட்டேன். நானே வச்ச வினைண்ணா."

நான் வேறு அவரைவிடப் பெரிய குற்றவாளியாக நின்றிருந்தேன். மேடம்தான் வந்து அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் தடுமாறும், இருந்தாலும் தமிழிலேயே சொன்னார்.

"மாலை அறுந்துச்சு, அது உங்க தப்பு இல்ல. மணி உள்ள போச்சு, அதுவும் இல்ல. நாங்க உங்க பொண்ணுகிட்ட கேக்கல. அது எங்க தப்பு. கார்டுல அப்படியே எழுதறேன்."

எழுதவும் செய்தார். கார்டின் கடைசியில், முதல் முறை பயணியிடம் கேட்கப்படவில்லை என்று எழுதி, அவர் கையெழுத்தைப் போட்டார். அன்றைக்கு லீவில் இருந்தவர் அவர். என் கையெழுத்துக்காக இடம் விட்டிருந்தார். நானும் போட்டேன்.

கதவை மாற்றினோம். கண்ணாடிக்குக் கீழே உள்ள ஓட்டையின் உள்பக்கம், கொசுவலையை அளவாக வெட்டி ஒட்டினேன். காற்று போகும், அரிசி போகாது. இதை எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் தேடாதீர்கள். பூஜை போடுகிற ஊரில் ஓடுகிற வண்டிக்கு அது தேவை என்று எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு என் கைக்கு வந்த வண்டிகளில் கேட்டுக் கேட்டு ஒட்டினேன்.

பிறகு ஏப்ரல் முழுக்க அந்த வண்டியை அதே சாலையில் ஆறு தடவை ஓட்டிப் பார்த்தோம். ஒரு தடவையும் சத்தமில்லை. இருந்தாலும் மே மாதம் பரீட்சைக்கு முதல் நாள் ஏழுமலை போன் பண்ணினார். "அண்ணா, நீங்களும் வண்டில இருந்தா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்." லீவு கேட்டேன். மேடம் லீவு போடாதீர்கள், இது டெஸ்ட் டிரைவ் என்றார்.

காலையில் போனது ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் ஒரு மணிக்கு அவள் வெளியே வந்தாள். வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. ஏழுமலை ஈரத் துண்டைத் தலையில் போட்டு அழைத்துவந்தார். முன்பே ஓடவிட்டுக் குளிர வைத்திருந்த வண்டியில் இடது சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்சீட்டில். பரீட்சை எப்படி என்று கேட்டேன். "பிசிக்ஸ் ஈசி, மேத்ஸ் மோசம் பண்ணிட்டான் மாமா" என்றாள். தண்ணீர் கேன் இரண்டு, ஐஸ் பெட்டி ஒன்று என் காலடியில் இருந்தன. வழியில் எந்தெந்தத் தோப்பில் மோட்டார் ஓடுகிறது என்று நான் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏழுமலையும் அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

இறக்கம் வந்தது. ஏழுமலை வேகத்தைக் குறைத்தார். பவித்ரா புறங்கையை வென்டுக்கு முன்னால் நீட்டினாள். வலது வளைவு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். காற்றின் சத்தம் மட்டும்தான். வளைவு முடிந்தது. அவள் கையை எடுக்கவில்லை. புத்தலப்பட்டு கடைகள் வந்து, தாண்டியும் போயின. அதற்குப் பிறகும் ஒரு கிலோமீட்டர் போயிருக்கும்.

"நைனா" என்றாள்.

ஏழுமலை பிரேக்கை அழுத்தியேவிட்டார். வண்டி ஓரத்தில் குலுங்கி நின்றது. நான் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டேன்.

"இன்னாம்மா? இன்னா ஆச்சு? சுடுதா?"

"இல்ல நைனா. குளுருது. கொஞ்சம் கொறைங்களேன்."

அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, நிஜமாகவே குளிருகிறது என்று சொன்னாள். அவள் கையில் மயிர்க்கால் புள்ளி புள்ளியாக நின்றிருந்தது. ஏழுமலை குமிழருகே கையைக் கொண்டுபோனார். தொடாமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இத்த எந்தப் பக்கம் திருப்பணும்ணா?"